சின்னப் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் கப்பல்: எந்த மாதம், எந்தக் கம்பெனி?

மூத்தவனுக்கு ஐந்து வயது, கிண்டர்கார்ட்டன் போகிறான். இளையவளுக்கு இரண்டேகால், டயப்பர் இன்னும் விட்டபாடில்லை. திருநெல்வேலியிலிருந்து அத்தை ஆறு மாதம் தங்க வந்திருந்தார். இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் சுற்றுலாவுக்கு எந்த உல்லாசக் கப்பல் என்று மாதக்கணக்கில் நானும் கணவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் முடிவு செய்தது நாங்கள் இல்லை, இந்த மூன்று விவரங்கள்தான்.

நாங்கள் இருப்பது அட்லாண்டா பக்கம். ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரல் துறைமுகத்துக்குக் காரிலேயே ஏழு மணி நேரத்தில் போய்விடலாம். விமானச் செலவு இல்லை என்பதால் அங்கிருந்து கிளம்பும் கப்பல்களை மட்டும் பார்த்தோம். மூத்தவனுக்கு மிக்கி மவுஸ் வேண்டும், சாண்டாவும் வேண்டும். அதனால் பேச்சு டிஸ்னி கப்பலில்தான் ஆரம்பித்தது. டிஸ்னியில் வருடத்துக்கு இரண்டு திருவிழாக் காலம். செப்டம்பர், அக்டோபரில் ஹாலோவீன். நவம்பரிலிருந்து டிசம்பர் கடைசிவரை ‘வெரி மெர்ரிடைம்’ என்ற கிறிஸ்துமஸ் பயணங்கள். ஆக, அக்டோபரா, டிசம்பர் முதல் வாரமா, கிறிஸ்துமஸ் வாரமேவா என்பது ஒரு கேள்வி. டிஸ்னிதான் வேண்டுமா, மற்ற கப்பல் கம்பெனிகளான ராயல் கரீபியனோ கார்னிவலோ போதாதா என்பது இரண்டாவது கேள்வி. விலையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி தானாகவே வந்துவிடும்.

அக்டோபரை முதலில் பார்ப்போம். ஹாலோவீன் என்றதும் பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்று நானும் நினைத்தேன். டிஸ்னி கப்பலில் அந்தப் பயம் வேண்டியதில்லை. கப்பலின் நடுக்கூடத்தில் பூசணி தொங்கும் ஒரு பெரிய மரம், மிக்கி கூட்டம் வேஷம் கட்டிக்கொண்டு ஆடும் மாறுவேட விருந்து, பை நிறைய மிட்டாய், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய லாபம் கடல். அக்டோபரில் பஹாமாஸ் தண்ணீர் வெதுவெதுப்பாக, 28 டிகிரி அளவில் இருக்கும். டிசம்பரில் 24, 25 டிகிரிக்கு இறங்கிவிடும். பெரியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு வயதுக் குழந்தையோ பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாரித்து, துண்டுக்குள் சுருண்டுகொள்ளும். வடக்கிலிருந்து குளிர்காற்று ஒன்று இறங்கிவிட்டால் அன்றைக்குக் கடற்கரையில் ஸ்வெட்டர்தான்.

பிறகு ஏன் அக்டோபரை விட்டோம்? புயல். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவில். புயல் வந்தால் கப்பல் அதற்குள் போகாது, விலகிப் போய்விடும், ஆபத்து என்று பெரிதாக இல்லை. ஆனால் போகிற இடம் மாறும். பஹாமாஸ் என்று பணம் கட்டிவிட்டு வேறு எங்கோ போகலாம், அல்லது எங்கேயும் நிற்காமல் கடலிலேயே சுற்றலாம். அதற்குக் கம்பெனி பயணக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். ஒரு மாதமாகத் ‘தீவு, தீவு’ என்று விரல்விட்டு எண்ணும் ஐந்து வயதுப் பையனிடம் இதை எப்படிச் சொல்வது? இன்னொரு விஷயம் நம் வீடுகளுக்கே உரியது. தீபாவளி பல வருடங்களில் அக்டோபரில்தான் விழும். அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிற வருடத்தில் தீபாவளிக்குக் கப்பலில் இருப்பதென்றால், சரி, அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வாரம் நேர் எதிர். பள்ளிக்கு லீவு போட வேண்டாம், கணவரின் அலுவலகமும் தூங்கி வழியும். கிறிஸ்துமஸ் அன்று காலையில் சாண்டா கப்பலுக்கே வருவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வருடத்திலேயே விலை உச்சத்துக்குப் போகும் வாரமும் அதுதான். அதே கேபின், அதே சாப்பாடு. மூன்று வாரம் முன்னால் போனால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கலாம். பணத்தை விடுங்கள், கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை என்பதால் கப்பலில் பாதி குழந்தைகள்தான். நீச்சல் குளம், குழந்தைகள் கிளப், மின்னியோடு படம் எடுக்கும் வரிசை எல்லாம் நிரம்பி வழியும். நாற்பது நிமிடம் வரிசையில் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? அது நிற்காது, படுத்துவிடும். தரையில்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு, இரண்டரை வாரம் இருக்கிறது. அதுதான் நாங்கள் பிடித்த இடைவெளி. புயல் காலம் முடிந்திருக்கும், அலங்காரம் முழுவதும் ஏறியிருக்கும், பள்ளிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் காலையைத் தவிர மற்றதெல்லாம் உண்டு. நடுக்கூடத்தில் ஆளுயர இஞ்சி ரொட்டி வீடு, மிக்கி வந்து விளக்கேற்றும் பெரிய மரம், சாண்டா, பூப்போல உதிரும் செயற்கைப் பனி, கப்பல் போய் நிற்கும் காஸ்டவே கே தீவில் தென்னைகளுக்கு நடுவே கிறிஸ்துமஸ் அலங்காரம். இதற்கு விலை மூத்தவனின் பள்ளி நாட்கள். போர்ட் கனாவெரலிலிருந்து டிஸ்னியின் நான்கு இரவுப் பயணம் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி. மூன்று இரவு என்றால் வெள்ளி முதல் திங்கள். வகுப்பு முக்கியம் என்றால் மூன்று இரவு. கிண்டர்கார்ட்டன்தானே என்று நாங்கள் வாரம் முழுக்க லீவு எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் வகுப்பில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

இனி கம்பெனி. இங்கேதான் சின்னவளின் டயப்பர் நடுவில் வந்து உட்காருகிறது.

எந்தக் கப்பலானாலும் சாதாரணமாக ஆறு மாதம் ஆகியிருந்தால் குழந்தையை ஏற்றிக்கொள்வார்கள். கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. ஏறிய பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதில்தான் வித்தியாசம். டிஸ்னியிலும் ராயல் கரீபியனிலும் இலவசக் குழந்தைகள் கிளப் மூன்று வயதில் ஆரம்பம், அதுவும் கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே என்றால் கட்டண நர்சரி. நாங்கள் போனபோது டிஸ்னியில் முதல் குழந்தைக்கு மணிக்கு 9 டாலர், கூட ஒரு குழந்தை என்றால் அதற்கு 8. கார்னிவல் மட்டும் இரண்டு வயதிலேயே இலவசக் கிளப்பில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே ஊழியர்களே டயப்பர் மாற்றிவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் கட்டணம். இரண்டு வயதுக் குழந்தை உள்ளவர்களுக்கு இது சின்னச் சலுகை இல்லை. சின்னவளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு அத்தை மட்டும் இல்லையென்றால், மிக்கியாவது மின்னியாவது என்று கார்னிவலுக்கே போயிருப்பேன்.

நீச்சல் குளம் அடுத்த வில்லங்கம். டயப்பர் கட்டிய குழந்தையை, நீச்சல் டயப்பராகவே இருந்தாலும், குளத்தில் இறக்கக்கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதார விதி அது. எந்தக் கம்பெனியோடும் வாதாடிப் பயனில்லை. மூத்தவன் குழந்தையாக இருந்தபோது வேறொரு கம்பெனியின் கப்பலில் போனோம். விளம்பரமெல்லாம் ‘குடும்பம், குடும்பம்’ என்றுதான். குளத்தின் ஓரத்தில் காலை நனைத்த மறு நிமிடமே விசில். நான்கு நாளும் அவனை கேபின் ஷவரில் நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். அதனால் இந்தத் தடவை கப்பலின் பெயரைச் சொல்லி, டயப்பர் குழந்தைக்குத் தனித் தண்ணீர் இடம் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் மேலே பேசினேன். கம்பெனி ஒன்றே ஆனாலும் ஒரு கப்பலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. டிஸ்னி கப்பல்களில் அதற்கென்று நீர் பீய்ச்சும் திடல் உண்டு. நாங்கள் போன ‘விஷ்’ கப்பலில் டாய் ஸ்டோரி பொம்மைகளை வைத்து அமைத்திருக்கிறார்கள். இளையவள் நான்கு நாளும் அங்கேதான் குடியிருந்தாள்.

தீவுகளில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. டிஸ்னியின் காஸ்டவே கேயிலும் சரி, ராயல் கரீபியனின் கோகோ கேயிலும் சரி, கப்பல் நேரே தளத்தில் போய் நிற்கும். ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு சின்னப் படகில் ஏறி இறங்கும் தொல்லை இல்லை. மதியச் சாப்பாடும் டிக்கெட்டில் சேர்த்திதான். கோகோ கேயில் பெரிய சறுக்குகள் இருக்கும் நீர்ப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம். ஐந்து வயதுப் பையன் அவற்றில் பாதிக்கு உயரம் போதாமல் நிற்பான். எனக்கு அது பணத்தைக் கடலில் போடுவது. டிஸ்னியின் புதிய இடமான லுக்அவுட் கேயில் இறங்குதளம் ரொம்ப நீளம், வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டில் ஒன்று தேர்ந்தெடுக்கலாம் என்றால் காஸ்டவே கேதான்.

திருவிழா என்று பார்த்தால் டிஸ்னிக்கும் மற்றவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும் டிசம்பரில் மரம் வைப்பார்கள், விளக்குப் போடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். சாண்டா பெரும்பாலும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் வருவார். டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே போனால் கிடைப்பது, அலங்காரம் செய்த சாதாரணப் பயணம். அது குறையில்லை. மூத்த பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதென்றால் அவனுக்கு நீர்ச் சறுக்குகளும் சுவர் ஏறுவதும் போதும். ராயல் கரீபியனே மேல், பணமும் மிச்சம். நாலிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு குழந்தையாவது வீட்டில் இருந்தால்தான் டிஸ்னியின் கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது என்பது என் கணக்கு. இரண்டு வயதுக்காரிக்கு சாண்டாவைக் கண்டதும் அழுகைதான் வந்தது. படத்தில் நான்கு பேர் சிரிக்கிறோம், ஒருத்தி அலறுகிறாள்.

விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்னியில் குளிர்பானம் டிக்கெட்டிலேயே அடக்கம். மற்ற இரண்டிலும் தனியாக வாங்க வேண்டும். பல டிஸ்னி கேபின்களில் கழிப்பறை தனி, குளியல் தொட்டி தனி. காலையில் ஐந்து பேர் கிளம்பும்போது அதன் அருமை தெரியும். டிப்ஸ் எங்கே போனாலும் ஆளுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்றுதான். கைக்குழந்தைக்கும் டிஸ்னியில் உண்டு. இதையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் டிஸ்னி விலை கூடுதல்தான், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே நான் ரொம்பச் சொல்ல விரும்புகிற விஷயம். தேதி, கம்பெனி எல்லாம் பார்த்துப் பார்த்து முடித்த பிறகு ஒருநாள் ராத்திரி நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருவிழா முழுக்க ராத்திரியில் நடக்கிறது. எங்கள் வீட்டில் விளக்கணைப்பது எட்டு மணிக்கு. கப்பலில் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி: ஒன்று மாலை 5:45க்கு, மற்றது 8:15க்கு. சின்னப் பிள்ளை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் பந்தியைத்தான் எல்லோரும் எடுப்போம். ஆனால் முதல் பந்திக்காரர்களுக்கு மேடை நிகழ்ச்சி சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டே காலுக்கு மேல். இரண்டாம் பந்திக்காரர்களுக்கு அதே நிகழ்ச்சி சாப்பாட்டுக்கு முன்னால், மாலை ஆறு மணி வாக்கில். அதாவது சீக்கிரம் சாப்பிட்டால் நிகழ்ச்சியில் தூங்கிவிடும். நிகழ்ச்சியைப் பார்த்தால் சாப்பாட்டில் தூங்கிவிடும். வாணவேடிக்கை என்றால் பத்து மணி வாக்கில்.

இரண்டாம் பந்தியில் டிஸ்னி ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறிவிட்டு, கிளப் ஆட்கள் மேசைக்கே வந்து அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளைகள் இருவரும் மூன்றைத் தாண்டியிருந்தால் நான் இரண்டாம் பந்தியைத்தான் எடுப்பேன். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. முதல் பந்தியை எடுத்து, சின்னவளை மத்தியானம் இரண்டரை மணி நேரம் திரையை இழுத்துவிட்டுத் தூங்க வைத்தோம். அரென்டெல் உணவகத்தில் ‘ஃப்ரோசன்’ படத்தின் எல்சாவும் அன்னாவும் பாடிக்கொண்டே மேசை மேசையாக வருவதை அவள் பார்த்தது அந்தத் தூக்கத்தின் புண்ணியம். மரத்துக்கு விளக்கேற்றியதைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரோலரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். மறுநாளிலிருந்து ராத்திரி நிகழ்ச்சிக்கு ஒருவர், கேபினில் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். அத்தை ஒருநாளும் முறை கேட்கவில்லை. “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இந்த பால்கனி போதும்” என்பார். நர்சரியை ஒரே ஒரு மாலை எடுத்தோம். முதல் தடவை போகிறவர்களுக்கு, முழுப் பணமும் கட்டியிருந்தால், கிளம்புவதற்கு 75 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். பழைய ஆட்களுக்கு அதற்கும் முன்னாலேயே திறந்துவிடுவதால், நம் முறை வரும்போது நல்ல நேரமெல்லாம் போயிருக்கும். அன்றைக்கு எழுந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

கப்பலே வேண்டாம், ஆர்லாண்டோவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நடக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகலாம் என்று ஒரு தோழி சொன்னாள். அது தனி டிக்கெட், ஒரு ஆளுக்கு 150 டாலருக்கு மேல், நேரம் இரவு ஏழு முதல் நள்ளிரவு வரை. மேலே சொன்ன தூக்கக் கணக்கைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சாப்பாட்டை அத்தைதான் முதலில் கேட்டார். “ஏம்மா, கப்பல்ல தயிர்சாதம் குடுப்பாங்களா?” கொடுப்பார்கள். கார்னிவல் உணவு அட்டையில் இந்திய சைவ உணவு வழக்கமாகவே இருக்கும். ராயல் கரீபியன் பஃபேயில் ஏதாவது ஒரு இந்தியக் குழம்பு கண்ணில் படும். டிஸ்னியில் முதல் நாள் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து செய்து தருவார்கள். ஒரே பரிமாறும் குழு நாம் போகும் ஒவ்வொரு உணவகத்துக்கும் கூடவே வரும் என்பதால் தினமும் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாள் சாம்பார் என்று வந்தது சாம்பார் இல்லை. பருப்பு நன்றாக இருந்தது. வீட்டில் செய்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் எதுவும் கூடாது. சூடேறும் கம்பி உள்ள எதையும் பெட்டி சோதனையிலேயே எடுத்துவைத்துவிடுவார்கள். பிரிக்காத பாக்கெட் முறுக்கு, பிஸ்கட், குழந்தைப் பால் பவுடர் இவற்றுக்குத் தடையில்லை.

விசா விஷயத்தைப் பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள், கட்டிய பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நம்மில் நிறையப் பேருக்கு எச்-1பி வேலை அனுமதியை நீட்டித்ததற்கான ஐ-797 தாள் கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்த் திரும்பினால் அந்தப் பழைய முத்திரையோடு உள்ளே வர ஒரு விதி இடம் தருகிறது. எச்-1பிக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாரான எச்-4காரர்களுக்கும் அந்த விதி பஹாமாஸுக்கு ஓடாது. கப்பல் அமெரிக்காவிலிருந்து கிளம்பி அமெரிக்காவுக்கே திரும்பினாலும், நடுவில் நாட்டைவிட்டு வெளியே போனதாகத்தான் கணக்கு. துறைமுகத்திலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்படிப் போய்த் திரும்பும் பயணத்தில் பிறப்புச் சான்றிதழே போதும். ஆனாலும் நான் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் நடுவழியில் இறங்கி விமானம் ஏற வேண்டிவந்தால் பிறப்புச் சான்றிதழ் உதவாது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால், அவர்களுடைய பி-2 சுற்றுலா விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். அத்தையுடையது பத்து வருட விசா, சிக்கல் வரவில்லை.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது டிசம்பர் பயணத்தின் பலவீனம் என்பதால். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் குளிர்காலத்தில்தான் அதிகம். கைக்குத் தடவும் சானிடைசருக்கு அது சரியாகக் கட்டுப்படாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாயிலில் ஈரத்துணி நீட்டுவார்கள். அதை வாங்கித் துடைத்துக்கொண்டு, அப்புறம் உள்ளே போய்ப் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொட விடுவேன். குழந்தைக்கு வாந்தி வந்தால் கேபினிலேயே அடைந்து கிடக்க வேண்டும், கிளப்புக்குள் விடமாட்டார்கள். கப்பல் மருத்துவருக்குக் கொடுக்கும் பணத்தை உங்கள் மருத்துவக் காப்பீடு ஏற்குமா என்று கேட்டு வையுங்கள்.

நாங்கள் போன வாரத்தில் கார்த்திகை தீபமும் வந்தது. கப்பலில் மெழுகுவர்த்திகூட ஏற்றக்கூடாது, அகலுக்கு எங்கே போவது? அத்தை வீட்டிலிருந்தே பேட்டரி விளக்கு ஆறு வாங்கி வைத்திருந்தார். கேபின் கதவு இரும்பு என்பதால் நடைவழி முழுக்க மற்றவர்கள் காந்தம் வைத்துச் சாண்டாவும் மான்களும் ஒட்டியிருந்தார்கள். எங்கள் கதவில் மூத்தவன் வரைந்த கோலம். அதன் கீழே விளக்குகளை வரிசையாக வைத்தார் அத்தை. கேபினைச் சுத்தம் செய்ய வந்த பையன் நின்று பார்த்துவிட்டு, அவற்றைக் கால் படாமல் உள்ளே பால்கனி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வருடம் அத்தை ஊரில் இருப்பார், சின்னவளுக்கு மூன்று தாண்டியிருக்கும். டயப்பரும் போய்விட்டால் இலவசக் கிளப், நீச்சல் குளம், இரண்டாம் பந்தி எல்லாம் எங்களுக்குத் திறந்துவிடும். அப்போது ராயல் கரீபியனையும் ஒரு கை பார்க்கலாம் என்கிறார் கணவர். மூத்தவன் இப்போதே ஹாலோவீனுக்கு என்ன வேஷம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.